வேசம் கட்டிய எந்திரம்



எட்டாம் வகுப்பில் எங்கள் கணக்கு வாத்தியார் என்னை நோட்டைத் திறக்கவே விட்டதில்லை. ‘உனக்கெல்லாம் கணக்கு ஏறாதுடா, போர்டைத் துடை’ என்பார். அதே ஆள் சுதந்திர தினக் கொடியேற்றத்தில், பிறப்பால் யாரும் தாழ்வில்லை என்று முழங்குவார். மேடைக்கு ஒரு நாக்கு, வகுப்புக்கு ஒரு நாக்கு. அந்த ரெட்டை நாக்கு இப்ப எந்திரத்துக்கும் வந்திருக்கு.

செயற்கை அறிவு எந்திரத்திடம் ‘நீ ஒரு டாக்டர்’, ‘நீ ஒரு வக்கீல்’ என்று வேசம் கட்டிவிட்டுக் கேள்வி கேட்பது இன்று பரவலான பழக்கம். வேசத்துக்குத் தக்கபடி பதில் மாறும். 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 19 வேசங்களைக் கட்டிச் சோதித்தார்கள். கறுப்பின மக்களுக்குக் கணக்குத் திறமை குறைவா என்று நேராகக் கேட்டபோது எந்திரம் மறுத்தது. ‘நீ ஒரு கறுப்பர்’ என்று சொல்லிக் கணக்கைக் கொடுத்தபோதோ, கறுப்பராகிய என்னால் இதைப் போட முடியாது என்று ஒதுங்கியது. மாற்றுத்திறனாளி வேசத்திலும் இதே கதைதான். சாட்ஜிபிடி 3.5இல் 80 சதவீத வேசங்களில் பாரபட்சம் வெளிப்பட்டது. ஜிபிடி 4 டர்போவில் 42 சதவீதம். பாரபட்சம் காட்டாதே என்று கட்டளை போட்டும் பெரிசா மாறவில்லை.

காரணம் லேசானது. எழுதி வைத்த கோடிக்கணக்கான பக்கங்களைத் தின்று வளர்ந்தது இந்த எந்திரம். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் அதில் அதிகம். நாகரிகமாகப் பேச, வாய்க்கு மட்டும் பிறகு பாடம் நடத்தியிருக்கிறார்கள். வயிற்றில் இருப்பது அப்படியே இருக்கிறது.

அந்த 19 வேசங்களில் இனம், மதம், பாலினம், உடல் குறைபாடு, கட்சிச் சார்பு எல்லாம் உண்டு. சாதி இல்லை. அதை யார் சோதிப்பது? நாமதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. சாதி பற்றி உன் கருத்து என்ன என்று அதனிடம் கேட்காதீர்கள். கொடியேற்றப் பேச்சுதான் வரும். வேலை கொடுங்கள். ஒரே கணக்கு, ஒரே கடிதம். வேசமில்லாமல் ஒருமுறை, தலித் மாணவியாக ஒருமுறை, ஆதிக்கச் சாதி மாணவியாக ஒருமுறை. ஒருதரம் கேட்டு முடிவுக்கு வராதீங்க, பலதரம் கேளுங்க. பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

பாடம் சொல்லித்தருகிற இடத்திலும் வேலை விண்ணப்பம் சலிக்கிற இடத்திலும் இந்த எந்திரம் வந்து உட்கார்ந்தாச்சு. நம்ம பிள்ளைகள் கையில் அது நோட்டைக் கொடுக்குதா, டஸ்டரைக் கொடுக்குதா? தெரிஞ்சாகணும். வருவதை அடுத்த இதழில் அச்சிடுவோம்.