இரண்டு கார்கள், ஒரே பெயர்

புலம்பெயர்ந்த நம்மவர் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்பது இப்போது பெருமைக்குரிய செய்தியன்று. அது தேவை. லண்டனின் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் கணவர் விடியுமுன் கடை திறக்கப் போகிறார். மனைவி வைத்தியசாலையில் இரவுப் பணி முடித்து வீடு திரும்புகிறார். எந்தக் கார் யாருடையது என்ற கணக்கு வீட்டுக்குள் எவருக்கும் இல்லை. வாசலில் எது வழிமறித்து நிற்கிறதோ, அதையே எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

காப்புறுதி நிறுவனத்தின் ஏட்டில் மட்டும் இந்தக் கணக்கு மிகக் கண்டிப்பானது. அங்கே ஒவ்வொரு காருக்கும் ஒரு பத்திரதாரர் உண்டு. நானறிந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு கார்களுக்கும் பத்திரதாரர் ஒருவரே, அவர் கணவர். மனைவியின் பெயர் இரண்டு பத்திரங்களிலும் "நேம்ட் டிரைவர்" என்ற வரியில், பெயர் குறிக்கப்பட்ட மேலதிகச் சாரதியாக, அடங்கிக் கிடக்கிறது. இது சட்டப்படி குற்றமன்று. ஆயினும் பிழையான ஏற்பாடு என்பதே என் எண்ணம். அதன் விலையைச் செலுத்துபவர் எப்போதும் மனைவியே என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

நம்மவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கமொன்றை முதலிற் சொல்ல வேண்டும். இலங்கையில் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அங்கே நடைமுறையில் காப்புறுதி வாகனத்தோடு ஒட்டியது. உரிமையாளரின் சம்மதத்துடன், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் மைத்துனரோ அயலவரோ வாகனத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வரலாம். பிரித்தானியாவின் பத்திரங்கள் அப்படியல்ல. அங்கே 1930இல் கட்டாயமாக்கப்பட்டு இன்று 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி, பெரும்பாலும் ஆளைப் பெயர் சொல்லிக் காப்பது. பத்திரத்தில் பெயர் இல்லாதவர் அந்தக் காரைப் பொறுத்தவரை காப்புறுதியற்றவர். தாலி கட்டிய உறவு அதற்கு ஈடாகாது. "என் காருக்கு முழுமையான காப்புறுதி இருக்கிறது, ஆகவே அவருடைய காரையும் ஓட்டலாம்" என்று நம்புவோர் ஏராளம். சில பத்திரங்களில் பிறருடைய காரை ஓட்டும் சலுகை உண்டுதான். ஆனால் அது மூன்றாந் தரப்பு அளவிலேயே நின்றுவிடும். வாழ்க்கைத் துணையின் காரை அச்சலுகையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கும் பத்திரங்களும் இருக்கின்றன. காப்புறுதியின்றி ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண் தண்டம், அனுமதிப்பத்திரத்தில் ஆறு புள்ளிகள்; பொலிஸார் காரை அவ்விடத்திலேயே கைப்பற்றவும் கூடும். ஆகவே இரு காரையும் இருவரும் ஓட்டும் வீட்டில் இரு பத்திரங்களிலும் இருவர் பெயரும் இருந்தேயாக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதம், யார் பத்திரதாரர் என்பதில்தான். பெயர் எங்காவது இருந்தாற் போதாதா என்று கேட்பவர்கள் "நோ கிளெய்ம் போனஸ்" என்பதன் இயல்பை எண்ணிப் பார்ப்பதில்லை. நட்டஈடு கோராமல் கடந்துபோன ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு அது. ஐந்தாறு ஆண்டுகள் சேர்ந்தால் பல நிறுவனங்களில் கட்டணத்தின் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். இந்தக் கழிவு பத்திரதாரருக்கு உரியது. மேலதிகச் சாரதி இருபது வருடம் ஒரு கீறலுமின்றி ஓட்டியிருந்தாலும் அந்த ஆண்டுகள் பொதுவாக அவருடைய கணக்கில் ஏறுவதில்லை. பத்திரதாரரின் கணக்கிலேயே ஏறுகின்றன. மனைவியின் நிதானம் கணவரின் சேமிப்பாகிவிடுகிறது.

"இரண்டும் என் பெயரில் இருந்தால் மலிவு" என்பது கணவர்மார் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இது பெரும்பாலும் கணக்குத் தெரியாத பேச்சு. ஒருவர் சேர்த்த கழிவை ஒரு நேரத்தில் ஒரு காருக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அவர் இரண்டாவது காரைத் தம் பெயரில் எடுத்தால் அதன் கழிவு பூச்சியத்திலிருந்தே தொடங்கும். சில நிறுவனங்கள் இரங்கி, முதற் காரின் கழிவைப் போன்றதொரு தொடக்கச் சலுகையைத் தரலாம். அது சலுகையே, உரிமையன்று. இரண்டாவது காரின் கணக்கு எப்படியும் பூச்சியத்தில் தொடங்குவதானால் அதை மனைவியின் பெயரில் தொடங்குவதற்கு என்ன தடை? கணவரை அதில் மேலதிகச் சாரதியாகச் சேர்த்தால், அனுபவம் மிக்க ஒருவரும் ஓட்டுகிறார் என்பதற்காகக் கட்டணம் குறைவதே பெரும்பாலும் நடப்பது. இரு வழியிலும் விலை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர் மிகச் சிலர்.

எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் பதினேழு ஆண்டுகள் லண்டன் வீதிகளில் கார் ஓட்டியவர். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் ஏற்றி இறக்கியதும், தாதியாக இரவுப் பணிக்குப் போய்வந்ததும் அந்தக் காரில்தான். கணவர் திடீரென மாரடைப்பால் இறந்தார். பத்திரதாரர் இறந்தால் பத்திரமும் பெரும்பாலும் அவரோடு முடிந்துவிடும்; பல நிறுவனங்கள் கருணையாகச் சில நாள்களோ வாரங்களோ நீட்டித்துத் தரும். அந்தியேட்டி முடியுமுன்னரே அவர் தொலைபேசியில் விலை கேட்கத் தொடங்க வேண்டியிருந்தது. "உங்கள் பெயரில் கழிவு எத்தனை ஆண்டு?" என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதில்: பூச்சியம். நேற்று அனுமதிப்பத்திரம் பெற்றவரோடு ஒரே வரிசையில் அவர் நிறுத்தப்பட்டார். திருமண நிலை என்ற கட்டத்தில் "விதவை" என்று எழுத நேர்ந்தது வேறு. இறந்த துணையின் கழிவை மற்றவருக்கு மாற்றித் தரும் நிறுவனங்களும் உண்டு. அவர் அழைத்த நிறுவனம் அவ்வகையினது அன்று. மணமுறிவாயின் அந்த இரக்கத்துக்கும் இடமில்லை. கழிவு பத்திரதாரரோடு போய்விடும்.

இதே ஏற்பாட்டில் இன்னோர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. விண்ணப்பத்தில் "இந்தக் காரைப் பிரதானமாக ஓட்டுபவர் யார்?" என்று கேட்பார்கள். இரண்டு கார்களுக்கும் நானே என்று கணவர் எழுதுகிறார். ஒரே மனிதர் ஒரே காலை எட்டு மணிக்கு இரண்டு கார்களை எப்படி ஓட்டுவார் என்று விபத்துக்குப் பின்னர் விசாரிக்க வருபவர் கேட்பார் அல்லவா? மனைவி அண்மையில் அனுமதிப்பத்திரம் பெற்றவர் என்பதையோ, முன்னர் விபத்தொன்று நேர்ந்ததையோ மறைத்துக் கட்டணத்தைக் குறைக்கவே பலர் இதைச் செய்கிறார்கள். மகனின் காரைத் தகப்பன் தன் பெயரில் காட்டுவதும் இதே தந்திரத்தின் மறுவடிவம். 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் இங்கே இரு நிலைகளை வகுத்திருக்கிறது. கவனக்குறைவால் தவறான தகவல் தந்திருந்தால், உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு அறவிட்டிருப்பார்களோ அந்த விகிதத்தில் நட்டஈடு வெட்டப்படும்: ஆயிரம் பவுண் அறவிட வேண்டிய இடத்தில் அறுநூறு கட்டியவருக்கு இழப்பின் அறுபது வீதமே கிடைக்கும். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் நட்டஈட்டை முற்றாக மறுக்கலாம். கட்டிய பணத்தையும் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பாருக்கு நிறுவனம் செலுத்த நேர்ந்த தொகையை உங்களிடமே அறவிட முயலவும் கூடும்.

ஒருகாலத்தில் நம்மவரிற் கெட்டிக்காரர் சிலர் இதற்கு நேர்மாறாக நடந்தனர். பெண்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால் காரை மனைவியின் பெயரில் எழுதினார்கள். 2011 மார்ச் முதலாந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் ஆண் பெண் என்ற பேதத்தைக் கொண்டு கட்டணம் நிர்ணயிக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. 2012 டிசெம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் அவ்விதி அங்கே நிலைத்திருக்கிறது. அந்தச் சலுகை போனதும் மனைவியின் பெயரும் பத்திரத்திலிருந்து இறங்கிவிட்ட வீடுகள் உண்டு. இலாபம் இருக்கும்வரை மட்டும் பெண்ணின் பெயர் வேண்டியிருந்தது போலும்!

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய மனப்பாங்கு அல்லத்தான். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படும். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அங்கே பெயர் அவளுடையது, அதிகாரம் அவனுடையது. லண்டனிலோ பெயரும் அவனுடையதாகிவிட்டது. அவளுக்கு மிஞ்சியிருப்பது ஓட்டும் வேலை மட்டுமே.

ரொறன்ரோ வாசகர்கள் இதை அப்படியே தங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் காப்புறுதி காரைப் பின்தொடர்வது; வீட்டிலுள்ள அனுமதிப்பத்திரதாரர் அனைவரையும் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அங்கே பட்டியலிடப்பட்ட சாரதிக்கும் பொதுவாகத் தனக்கென ஒரு காப்புறுதி வரலாறு சேர்கிறது. பிரித்தானிய முறையைவிட அது நியாயமானது என்றே கருதுகிறேன்.

பிரித்தானியாவில் இருப்போருக்கு "மல்டி கார்" என்ற ஏற்பாடு ஒரு வழி. இரு கார்களும் ஒரே கூரையின் கீழ் வரும். மொத்தத்தில் ஒரு கழிவும் கிடைக்கும். இதற்காக இரு கார்களும் ஒருவர் பெயரில் இருக்க வேண்டுமென்பதில்லை. இவ்வாறான பல பத்திரங்களில் காருக்கொரு பத்திரதாரர் இருக்கலாம். கழிவும் தனித்தனியே சேரும். ஒரு காரின் விபத்து மற்றதன் கழிவைத் தொடாது. ஆனால் இணையத்தில் விண்ணப்பம் நிரப்புபவர் கணவராக இருப்பதால், அவசரத்தில் இரண்டு கட்டங்களிலும் தன் பெயரையே எழுதிவிடுகிறார். அடுத்த புதுப்பித்தல் கடிதம் வரும்போது இரண்டாவது கட்டத்தை மனைவியிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக மேலதிகச் சாரதியாக ஓட்டியவராயின், விபத்தின்றி ஓட்டினார் என்று பழைய நிறுவனத்திடம் கடிதமொன்று கேட்டு வாங்கி இணைக்கலாம். எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை, ஏற்பவையும் உண்டு. கணவர் உயிரோடும் நல்ல மனநிலையோடும் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்குவது சுலபம்.