‘கேஸ் போயிடுச்சு சார்!’

தமிழ் பேசும் ஊர்களில் மிக அதிகமாகச் சொல்லப்படும் பொய் எது?

தேர்தல் வாக்குறுதி என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அது ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். ‘இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்பதற்கு வேண்டுமானால் இரண்டாவது பரிசு கொடுக்கலாம். என் கணக்கில் முதல் பரிசு, நம் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, ஃப்ரிட்ஜின் முதுகை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லப்படும் மூன்று வார்த்தைகளுக்குத்தான்.

‘கேஸ் போயிடுச்சு சார்!’

கரியமாணிக்கத்தில் என் பெரியம்மா இருக்கிறார். புதுச்சேரி மாநிலம், நெட்டப்பாக்கம் கொம்யூன். வயது 71. சர்க்கரைக்காக தினம் இரண்டு வேளை இன்சுலின். நகரத்தில் நமக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் என்பது மாவு, தயிர், நேற்றைய சாம்பார். பெரியம்மாவுக்கு அது மருந்து பீரோ. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலிலும் கெடும், உறைந்து போனாலும் கெடும்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார். ‘‘ஏன்டா, ஊர் உலகத்துல இருக்கற எல்லாத்தையும் பத்தி எழுதறியே, இந்தப் பொட்டிக்கு என்னா வியாதின்னு சொல்லேன்.’’

கதையைக் கேட்டேன். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கீழ்த்தட்டு சில்லென்று ஆகவில்லை. மெக்கானிக் வந்தார். கேஸ் போயிடுச்சு. 2,200 ரூபாய். நன்றாக ஓடியது. சில மாதம் கழித்து மறுபடி அதே கதை. 2,500. மூன்றாம் முறை 2,800. நான் பி.காம். படித்தவன். உடனே மனசுக்குள் பேரேடு விரிந்துவிடும். இரண்டு வருடத்தில் 7,500 ரூபாய். புது ஃப்ரிட்ஜ் விலையில் ஏறக்குறைய பாதி. ஒரு பில் கிடையாது. செலவுக்கு வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். பெரியம்மா நம்பினார். பாவம், அவருக்கு வேறு வழியில்லை.

ஃப்ரீஸர் கதவைத் திறந்தேன். உள்ளே கைலாயம்! நாலு பக்கமும் மூன்று விரற்கடை கனத்துக்கு ஐஸ். ஐஸ் டிரே எங்கே முடிகிறது, பனி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. கீழ்த்தட்டில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 17 டிகிரி. அங்கேதான் இன்சுலின் இருந்தது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கேஸ் இல்லாத ஃப்ரிட்ஜில் இந்தப் பனிமலை எப்படி வந்தது?

*

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த நாலு வரி தெரிந்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம்.

ஊசி போடும் முன் நர்ஸம்மா ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது சில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஃப்ரிட்ஜ் செய்வதும் அதேதான். ஃப்ரீஸரைச் சுற்றியுள்ள குழாயில் திரவம் ஆவியாகி உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளியே தள்ளுகிறது. பின்பக்கமோ பக்கவாட்டிலோ உள்ள குழாயில் அது சூட்டை இறக்கிவிட்டு மறுபடி திரவமாகி உள்ளே போகிறது. செக்குமாடு மாதிரி அதே சரக்குதான் சுற்றிச் சுற்றி வருகிறது. குழாய்கள் பற்ற வைத்து மூடப்பட்டவை. இது மாதா மாதம் தீர்ந்து போகும் சமையல் சிலிண்டர் அல்ல. எரிவது இல்லை, செலவாவது இல்லை. குறைந்தால் ஒரே காரணம், எங்கோ ஓட்டை.

கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கும்? ஃப்ரீஸரில் குழாய் நுழையும் மூலையில் மட்டும் கொஞ்சம் பனி படியும். மற்ற இடமெல்லாம் மொட்டையாக இருக்கும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். ஆனால் வெளிப்பக்கம் தொட்டால் வழக்கமான வெதுவெதுப்பு இருக்காது.

ஃப்ரீஸர் முழுக்க ஐஸ் மண்டியிருந்தால் அர்த்தம் என்ன? கேஸ் உள்ளே இருக்கிறது. வேலையும் செய்கிறது. அந்த ஐஸ்தான் அதற்குச் சாட்சி. சாட்சியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே மூன்று முறை தீர்ப்பை மாற்றி எழுதியிருக்கிறார்கள்!

‘அப்படியானால் கேஸ் அடித்ததும் சரியானதே?’ என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வித்தையே அங்கேதான் இருக்கிறது. கேஸ் அடிக்க ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும். கடைக்குத் தூக்கிப்போய் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாளில் ஐஸ் பூராவும் உருகி ஓடிவிடுகிறது. திரும்ப வந்து போட்டால் ஜில்லென்று இருக்கிறது. உருகியதால் வந்த குளிர்ச்சிக்குக் கூலி 2,800 ரூபாய். சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தால் அதே குளிர்ச்சி இலவசம்.

துருவப் பகுதியில் இனுயிட் மக்கள் குளிரைத் தடுக்க பனியிலேயே வீடு கட்டினார்கள். காற்றைப் பொதிந்து வைத்திருக்கும் பனி ஒரு நல்ல கம்பளி. உங்கள் ஃப்ரீஸருக்கு அந்தக் கம்பளியைப் போர்த்திவிட்டால் குளிர் எப்படிக் கீழே இறங்கும்? அரை சென்டிமீட்டர் சேர்ந்ததுமே உருக்கிவிட வேண்டும்.

*

பெரியம்மா வீட்டில் வியாதி என்னவென்று ஒரு பத்து ரூபாய் நோட்டு சொல்லிவிட்டது. நோட்டைக் கதவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் வைத்து மூடினேன். இழுத்தால் பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தது. கீல் பக்கம் கதவு ரப்பர் கிழிந்திருந்தது. போதாததற்கு முன்கால்கள் தாழ்ந்து, கதவு தானாக மூடாமல் லேசாகத் திறந்தே நின்றது. கடலோர மாநிலத்தின் ஈரக்காற்று அந்தச் சந்து வழியே இரவு பகலாக உள்ளே போகிறது. காற்றில் இருக்கும் ஈரம்தான் ஐஸாகிறது. ஃப்ரிட்ஜ் தானாக ஐஸைத் தயாரிப்பதில்லை, நாம்தான் சப்ளை செய்கிறோம்.

டெம்பரேச்சர் திருகின் நடுவில் ஒரு பட்டன் உண்டு. ஐஸ் உருக்கும் பட்டன். அமுக்கினால் கம்ப்ரஸர் நிற்கும். உருகியதும் தானே மறுபடி ஓடும். ‘‘இதை அமுக்கினதே இல்லையா பெரியம்மா?’’

‘‘அது ஏதோ டேஞ்சர் பட்டன்னு நெனச்சு தொடவே இல்லடா.’’

ராத்திரி அணைத்து வைத்தோம். ரப்பர் மாற்ற 550 ரூபாய். முன்கால்களைத் திருகி உயர்த்த காசில்லை. இன்றுவரை ஓடுகிறது. கேஸ், அதே பழைய கேஸ்தான்.

அந்த இரண்டு வருடத்தில் பெரியம்மாவுக்குச் சர்க்கரை ஏறுவதும், டாக்டர் இன்சுலின் அளவைக் கூட்டுவதுமாக இருந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 17 டிகிரியில் கிடந்த மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு, ‘எவ்ளோ போட்டும் எறங்க மாட்டேங்குதே’ என்று ஒரு கிழவி தன் உடம்பையே திட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வருவது 7,500 ரூபாய்க்காக மட்டுமல்ல.

*

இரட்டைக் கதவுக்காரர்களே, உங்களுக்கும் இருக்கிறது. ‘எங்களது ஃப்ராஸ்ட் ஃப்ரீ, ஐஸே கட்டாது’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதிலும் ஐஸ் கட்டுகிறது, உங்கள் கண்ணில் படாமல் பின்சுவருக்குப் பின்னால். ஒரு ஹீட்டர் அவ்வப்போது சூடாகி அதை உருக்குகிறது, ஒரு சின்ன ஃபேன் குளிர்காற்றை மேலும் கீழும் தள்ளுகிறது. மேலே ஐஸ்க்ரீம் கல் மாதிரி, கீழே தயிர் புளிக்கிறது என்றால் முதல் சந்தேகம் கேஸ் மேல் வரக் கூடாது. ஃபேன் ஓடவில்லை, அல்லது ஹீட்டர் வேலை செய்யாமல் ஐஸ் காற்றுப் பாதையை அடைத்துவிட்டது. சோதிக்க வழி சுலபம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு 24 மணி நேரம் அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள். போட்டதும் நன்றாக ஓடி, சில நாளில் மறுபடி படுத்தால் குற்றவாளி ஐஸ் உருக்கும் பகுதிதான். ஹீட்டர், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார், டைமர், இதில் ஒன்று. கேஸ் அல்ல.

காய்கறி டப்பாவுக்குக் கீழே குளம் கட்டினால் உள்ளே இருக்கும் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் திறக்கும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் பின்பக்க டிரேயை வாரம் ஒரு முறை கழுவுங்கள். டெங்கு கொசுவுக்குப் பிடித்த பிரசவ வார்டு அதுதான்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் மின்சாரம் போய்ப் போய் வரும். வந்ததும் ஃப்ரிட்ஜ் ‘டிக்’ என்று சத்தம் போட்டு அடங்கும். மறுபடி ‘டிக்’. உடனே ‘கம்ப்ரஸர் காலி’ என்பார்கள். பல நேரம் காலியாவது கம்ப்ரஸர் அல்ல, அதன் இடுப்பில் செருகியிருக்கும் சின்ன ரிலேயோ ஓவர்லோடோதான். முதலில் வோல்டேஜைப் பாருங்கள். மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ரிலேயை மாற்றிப் பார்க்காமல் கம்ப்ரஸரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். கத்தியாலும் ஸ்க்ரூ டிரைவராலும் ஐஸைக் குத்தாதீர்கள். ஒற்றைக் கதவு ஃப்ரீஸர் பெட்டி மெல்லிய அலுமினியம், அதற்குள்ளேயே கேஸ் ஓடுகிறது. குத்தினால் அன்றைக்கு மெக்கானிக் சொல்வது முதல்முறையாக உண்மையாக இருக்கும்.

*

மெக்கானிக்குகள் எல்லோரும் திருடர்கள் என்று நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள். வெயிலில் டூவீலரில் டூல்ஸ் பையோடு அலையும் மனிதரை ஏசுவது சுலபம். அவருக்கு முறையாக யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கம்பெனி தன் உதிரி பாகத்தையும் சர்க்யூட் படத்தையும் அவருக்குக் கொடுக்கிறதா? உங்கள் வீட்டு மேனுவலை எடுத்துப் பாருங்கள். ஐஸ் கட்டினால் என்ன செய்வது என்பதற்கு எத்தனை வரி, எங்கள் சர்வீஸ் சென்டரை அழையுங்கள் என்பதற்கு எத்தனை வரி, எண்ணிப் பாருங்கள்.

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஃப்ரிட்ஜ் விற்கும் கம்பெனி, தெர்மோஸ்டாட், சென்சார் போன்றவற்றைக் குறைந்தது 7 ஆண்டுகளும், கதவு ரப்பரைக் குறைந்தது 10 ஆண்டுகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். பெரியம்மாவின் கதவில் கிழிந்திருந்த அதே ரப்பரைப் பற்றி அங்கே சட்டமே பேசுகிறது! இங்கே 2022 ஜூலையில் மத்திய அரசு கமிட்டி போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, ‘ரிப்பேர் செய்யும் உரிமை’ என்று ஓர் இணையதளம் திறந்தது. நல்லது. ஆனால் தளம் தகவல்தான் தரும். தகவல் கொடுப்பது வேறு, பாகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது வேறு.

மிச்சக் குற்றவாளி நாம்தான். சீர்வரிசையில் ஃப்ரிட்ஜ் வைக்கிறோம், மேலே பூப்போட்ட துணி விரிக்கிறோம், காற்றுப் பாதையை அடைத்துப் பாத்திரத்தை அடுக்குகிறோம், கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை உள்ளே தள்ளுகிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. அது ‘மெக்கானிக் வேலை’ அல்லவா? படித்தவன் கையில் கிரீஸ் படலாமா? அறியாமைக்கு நாம் கட்டும் வரி இது. ரசீதுகூட வராத வரி.

உங்களை ஸ்பேனர் எடுக்கச் சொல்லவில்லை. பின்பக்கம் கழற்றவும் சொல்லவில்லை. கேள்வி கேட்கச் சொல்கிறேன். அடுத்த முறை ‘கேஸ் போயிடுச்சு’ என்றால் வரிசையாகக் கேளுங்கள். ஓட்டை எங்கே? அதை அடைத்த பிறகு ஃபில்டர் மாற்றி, வேக்கம் போட்டு, பிறகுதானே கேஸ் அடிப்பீர்கள்? எந்த கேஸ், ஆர் 134ஏ-வா, ஆர் 600ஏ-வா? இரண்டாவது எரியக்கூடியது, சமையலறையில் நெருப்பு வைத்துப் பற்ற வைக்கும் சரக்கல்ல. எத்தனை கிராம்? ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும், எடை போட்டுத்தான் அடிக்க வேண்டும், கை நாடி பார்த்து அல்ல. கடைசியாக, பில் எங்கே? பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

போன மாதம் பெரியம்மா போன் செய்தார். எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மெக்கானிக் வந்தாராம். அதே மூன்று வார்த்தை. பெரியம்மா திண்ணையிலிருந்து எழுந்து போய், ஃப்ரீஸரை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

‘‘கேஸு போச்சுன்னா எந்த வழியாப் போச்சு, காட்டுப்பா.’’

அவரால் காட்ட முடியவில்லை. ஐஸ் உருக்கும் பட்டனை அமுக்கிவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனாராம்.