ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?

எங்கள் தெருவில் கல்யாணப் பேச்சு எடுத்தால் யாரும் சாதி கேட்க மாட்டார்கள். எல்லாரும் ஒரே சேரி. "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்றுதான் கேட்பார்கள். போன வருடம் என் சித்தி மகளுக்கு வந்த நல்ல வரன் அந்தக் கேள்வியிலேயே நின்றுபோனது. கோயிலில் பூசை வைத்துத்தான் தாலி என்றார்கள் பையன் வீட்டார். மூன்று தலைமுறையாகச் சபை ஐயர்தான் எங்கள் கல்யாணத்தை நடத்துகிறார் என்று சித்தி மசியவில்லை. இத்தனைக்கும் சித்தப்பாவும் பையனின் அப்பாவும் ராணிப்பேட்டையில் ஒரே தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள்.

இந்த விசுவாசத்தை நான் கேலி செய்யவில்லை. 1853-இல் ஆற்காடு மிஷன் தொடங்கிய பிறகு பள்ளிக்கூடமும் வைத்தியமும் எங்கள் பாட்டன்களுக்குச் சபை வழியாகத்தான் வந்தன. ஸ்கடர் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளும் பள்ளிக்கூடம் கட்டின. அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் நாம் சபைக்குக் காட்டும் விசுவாசத்தைச் சபை நமக்குக் காட்டியதா?

எறையூர் தலித் கத்தோலிக்கர்கள் திருச்சபையை விட்டுப் போகிறோம் என்று சொல்லவில்லை. அதற்குள்ளேயே மரியாதையோடு இருக்கத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கிய வன்னியர்களும் கத்தோலிக்கர்களே. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. 'அது ஆர்.சி. பிரச்சினை' என்று சி.எஸ்.ஐ. தோழர்கள் ஒதுங்க வேண்டாம். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எதிர்த்து நின்றவர்கள் புராட்டஸ்டன்டுகள்தான்.

"இதை வெளியே பேசாதே, மதவாதிகளுக்கு வசதியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016-இல் தங்கள் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டார்கள். ஆயர்கள் எழுதினால் கொள்கை, பங்கில் ஒரு மாணவன் சொன்னால் துரோகமா?

1950 குடியரசுத் தலைவர் ஆணை 1956-இல் சீக்கிய தலித்துகளுக்கும் 1990-இல் பௌத்த தலித்துகளுக்கும் விரிந்தது. நமக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. அந்த ஆணை ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் இருவர் கையிலும் பி.சி. சான்றிதழ்தான். ஆகஸ்ட் 10 கறுப்பு நாளுக்கு இரண்டு சபைத் தலைவர்களும் நம்மை அழைப்பார்கள். கறுப்புக் கொடியோடு போங்கள். அங்கேயே ஃபாதரிடமும் ஐயரிடமும் நம் ஊர்க் கல்லறையைப் பற்றியும், கமிட்டியில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

சித்தி மகளுக்கு இன்னும் வரன் பார்க்கிறார்கள். சி.எஸ்.ஐ. மட்டும்.