அடையாற்றில் ஒரு நாள்



சென்னைக்கு வந்துபோகிற பலரும் அடையாறு பாலத்தைக் கடந்திருப்பீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும், ஆறு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. ஆனால் இந்த ஆற்றங்கரையில்தான் 1746 ஐப்பசியில் ஆற்காடு நவாபின் பெரும்படை ஒரு சிறு படையிடம் தோற்று ஓடியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டையை நவாப் அன்வாருதீனுக்கே தருவதாகச் சொல்லியிருந்த புதுச்சேரி கவர்னர் டூப்ளே, கைக்கு வந்ததும் இழுத்தடித்தார். நவாப் தன் மகன் மாபூஸ்கானைப் படையோடு அனுப்பினார்.

சாந்தோம் பக்கம் நின்ற நவாபின் படையில் சுமார் 10,000 பேர், குதிரைகள், பீரங்கிகள். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் பாரடைஸிடம் இருந்தது ஏறக்குறைய ஆயிரம் பேர். பீரங்கி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவர்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கரையேறினார்கள். வரிசை குலையாமல் ஒரே நேரத்தில் சுட்டார்கள். பிறகு துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு பாய்ந்தார்கள். அவ்வளவுதான். நவாபின் ஆட்கள் சாந்தோம் தெருக்களுக்குள் முண்டியடித்து ஓடினார்கள்.

'பத்துக்கு ஒன்று என்றிருந்தும் ஓடினார்களா, கோழைகள்!' என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்தக் காலக் குதிரைவீரர்கள் பலருக்குக் குதிரை சொந்தச் சொத்து. அது செத்தால் பிழைப்பே போச்சு. கடன் வாங்கி பைக் வாங்கிய டெலிவரி பையன், முழங்கால் வெள்ளத்தில் வண்டியை இறக்கத் தயங்க மாட்டானா? அவனைக் கோழை என்போமா? சம்பளமும் அப்போது பல படைகளில் மாதாமாதம் வந்ததில்லை. ஒவ்வொரு கூட்டமும் தன் தலைவன் முகத்தைப் பார்த்து நின்றது. அவன் திரும்பினால் கூட்டமே திரும்பும். சேர்ந்து சுடுவதற்கு தினமும் பயிற்சி வேண்டும். பயிற்சி கொடுக்க, வீரனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட வேண்டும். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்ற கவலையோடு நிற்பவனிடம் எவ்வளவு வீரத்தை எதிர்பார்க்க முடியும்?

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். வென்ற அந்த ஆயிரம் பேரில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் இந்த நாட்டுச் சிப்பாய்கள்! ஓடியவர்களுக்கும் விரட்டியவர்களுக்கும் இருந்த வித்தியாசம் ரத்தத்தில் இல்லை. வேலை வாங்கிய முறையில் இருந்தது.

ஆங்கிலேயரும் இதைக் கவனித்தார்கள். சென்னைக் கோட்டை 1749-ல் அவர்களிடமே திரும்பியது. நம் ஊர்களில் ஆள் எடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் வேகம் பிடித்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கம் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்டு 1758.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போன தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இருக்கலாம். ஏன் போனார், என்ன சம்பளம் வாங்கினார், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்களேன். பழைய மணியார்டர் ரசீது பரணில் கிடந்தால், அதை போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்