சொற்களால் கட்டிய நெய்தல்

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் கணினி விளையாட்டில் படமே கிடையாது. பலர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவர். இடத்தின் வருணனை திரையில் எழுத்தாகத் தோன்றும். ‘வடக்கே போ’ எனத் தட்டச்சினால் அடுத்த இடம். அதன் வழிவந்த விளையாட்டுகளை இயக்க லினக்ஸ் நிறுவிய பழைய கணினி ஒன்றே போதும்.

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இது அந்நியமன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். புள்ளும் மரமும் தொழிலும் கருப்பொருள். நுழைந்தவர் தமக்குள் பேசப்பேச உரிப்பொருள் பிறக்கும். பழவேற்காட்டுக் கழியில் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி இரும்பாலைப் புகையில் முடியும் ஒரு நெய்தலை என் மாணவர்கள் எழுதிவிடுவார்கள். (அந்தப் புகை எத்திணைக் கருப்பொருள் என்பதில் எனக்கே ஐயம், பாலையாக இருக்கலாம்.)

தடை வேறிடத்தில் இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சும் முனையத்திரை எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவது. தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் பல முனையங்களில் ‘கொ’ இன்றும் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறுகிறது. கட்டற்ற மென்பொருளாதலால் மூலநிரலைத் திருத்த எவரும் தடுக்கவில்லை. இதைக் கணினித் துறையின் தலையில் கட்டிவிட்டுத் தமிழ்த்துறை ஒதுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கொம்பு எங்கே நிற்க வேண்டுமென்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தாமே?