கேளாமல் எடுத்த படம்

கடற்கரையிலே மனிதர் தம்மை மறந்து நிற்கையில் அவர் அறியாமல் எடுக்கப்படும் புகைப்படங்களுக்கு இன்று பெருமதிப்பு உண்டு. அம்மதிப்பு நியாயமானதே. "சற்றே இப்படித் திரும்புங்கள்" என்றதும் எந்த முகமும் வேடம் பூண்டுவிடுகிறது. 1925இல் லைக்கா என்னும் சிறிய கமரா விற்பனைக்கு வந்தபோது இத்தகைய படப்பிடிப்புக்குப் புதிய வழி பிறந்தது. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தமது லைக்காவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்புப் பட்டியால் மறைத்துக்கொண்டு திரிந்தார். எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. (தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை 1932இல் பாரிஸில் எடுத்தாரே, அப்புகழ்பெற்ற படம் ஓரம் வெட்டப்பட்டதே என்பது வேறு கதை.)

எடுப்பதைப் பற்றியதன்று என் வழக்கு. எடுத்தபின் செய்வதைப் பற்றியது. கடற்கரை வெயில் கொடியது. மணலும் நீரும் ஒளியைத் திருப்பி வீச, தொப்பிக்குக் கீழுள்ள முகம் கரியாகிவிடும். அம்முகத்தைச் சற்றே வெளிச்சமாக்குவதில் குற்றமில்லை. இருட்டறையில் படம் கழுவிய காலத்திலும் கையால் ஒளியை மறைத்து அதைத்தான் செய்தனர். நம் நாட்டு லயனல் வென்ட் (1900–1944) அதற்கும் அப்பாற் சென்றார். வெவ்வேறு படங்களை இணைத்து ஒன்றாக்கினார். ஒளியையும் நிழலையும் தலைகீழாக்கினார். ஆயினும் அவர் எவரையும் ஏமாற்றவில்லை. அப்படங்களைக் காண்பவன் அவை ஆக்கப்பட்டவை என்பதை உடனே உணர்வான்.

ஏமாற்று எங்கே தொடங்குகிறதென்றால், "கண்டபடியே எடுத்தேன்" என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு, காணாததைக் காட்டும்போது. இன்று கைத்தொலைபேசியில் விரலால் ஒரு தடவு தடவினாற் போதும். குப்பை மறையும், படகு மறையும், மனிதனும் மறைவான். ஒருவனைக் கேளாமலே படம் பிடித்தவனுக்கு அவனுடைய உலகைத் திருத்தும் உரிமை, கேட்டு எடுத்தவனுக்கு உள்ளதிலும் குறைவு என்பதே என் கருத்து. கேட்டிருந்தால் அவன் மறுத்திருக்கலாமன்றோ?

வெலிகமக் கடலிலே கம்பங்களில் அமர்ந்து தூண்டிலிடும் மீனவரை அமெரிக்கரான ஸ்டீவ் மக்கறி 1995இல் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அவருடைய வேறு படங்கள் சிலவற்றில் உருவங்கள் அழிக்கப்பட்டிருந்தமை 2016இல் வெளியானபோது, தாம் காட்சிகளாற் கதை சொல்பவர் என்று அவர் விடையிறுத்தார். கதை சொல்லலாம், ஆனால் அதைக் கதை என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இன்று கொக்கலைப் பக்கம் கம்பத்தில் ஏறுவோர் பலர் உல்லாசப் பயணிகள் தரும் பணத்துக்காகவே ஏறுகின்றனர். கரையில் நின்று பணம் வாங்குபவர் படத்தில் விழுந்துவிட்டால் அவரை அழித்துவிடுவது எளிது. அந்தக் கரையின் இன்றைய பிழைப்பைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்!

வடகரைக்கு வருவோம். முல்லைத்தீவுப் பக்கம் கரைவலையை உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழல்பொறியால் இழுக்கும் வழக்கம் புகுந்துள்ளது. முன்னர் ஆட்கள் இரு வரிசையாய் நின்று தோளாலும் இடுப்பாலும் இழுத்த கயிறு அது. பொறி வந்ததால் இழுக்கும் கூலியை இழந்தவர் உண்டு. கடலடி கெடுகிறதென்று முறையிட்டவரும் உண்டு. ஆள் கிடைக்காத காலத்தில் வேறு என் செய்வது என்பது சம்மாட்டிமாரின் பக்கம். இவ்வளவு வழக்கும் அந்த ஒரு பொறியைச் சுற்றியே நிற்கிறது. விடியற்கால ஒளியில் அக்கரையைப் படமெடுப்பவர், பழைய அழகு கெடுகிறதென்று அந்த இயந்திரத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? வானம், நுரை, கயிற்றின் ஒரு முனை. அக்கயிற்றை யார் இழுக்கிறார் என்று நம் மாணவர் கேட்டால், படத்தில் அதற்கு விடை இராது.