நாவடக்கம் யாருக்கு?



"பத்திரிகை நிருபராக வேண்டும்" என்று நான் சொன்னதும் வீட்டில் வந்த பதில், "பெண்ணுக்கு அடக்கம்தான் அழகு, ஊர் சுற்றி நாலு பேரைக் கேள்வி கேட்கும் வேலை எதற்கு?" என்பதே. அதற்கு மறுமொழியாக ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அமெரிக்கரான கிளேர் பூத் லூஸ் (1903–1987) நாடக ஆசிரியையாகப் புகழ் பெற்றவர். 1940-இல் 'லைஃப்' இதழுக்காகப் போர் சூழ்ந்த ஐரோப்பாவுக்குச் சென்றார். மே 10 அன்று ஜெர்மானியர் பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் மீது குண்டு வீசியபோது அங்கேயே இருந்தார். கண்டதை 'யூரோப் இன் த ஸ்பிரிங்' என்ற நூலாக்கி அவ்வாண்டே வெளியிட்டார். வீட்டுக்குள் இருந்துகொண்டு எழுதக்கூடிய நூலா அது?

1944-இல் அவருடைய ஒரே மகள் பத்தொன்பது வயதில் கார் விபத்தில் இறந்தாள். அத்துயரில் இறைவனைத் தேடிய அவர், 1946-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1953-இல் இத்தாலிக்கு அமெரிக்கத் தூதரானார்.

அங்கேதான் அவருடைய நாவுக்குச் சோதனை வந்தது. தேர்தல் நெருங்கிய வேளையில் மிலான் நகரில் பேசியபோது, தீவிரக் கட்சிகள் வென்றால் அமெரிக்காவின் நட்புக்கு ஊறு நேரும் என்றார். "எங்கள் தேர்தலில் அயல்நாட்டார் தலையிடுவதா?" என்று கண்டனம் எழுந்தது. நிருபருக்கு அழகான வெளிப்படைப் பேச்சு தூதருக்கு வினையாயிற்று.

அதன்பின் வந்தது திரியெஸ்தே நகரச் சிக்கல். இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் அதற்கு உரிமை கொண்டாடின. 1954-இல் லண்டனில் பல மாதங்கள் இரகசியப் பேச்சு நடந்தது. தீர்வு காண அவரும் திரைமறைவில் பாடுபட்டார். அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டு, நகரம் இத்தாலியிடம் வந்தது.

பெண் என்பதற்காக அவர் நாவை அடக்கவில்லை. ஏற்ற பொறுப்புக்காக அடக்கினார். வள்ளுவர் 'அடக்கமுடைமை'யில் நாவைக் காக்கச் சொன்னது பெண்களுக்கு மட்டுமா? அச்சத்தால் வாய் மூடுவது வேறு, பிறர் நலம் கருதிப் பொறுப்பது வேறு.

இதை எழுதும் நானும் குறையற்றவள் அல்ல. தோழி ஒருத்தி நம்பிச் சொன்னதை வகுப்பில் உளறி அவளை அழ வைத்தவள். ஆகவே வீட்டார் சொன்னதில் பாதியை ஏற்கிறேன்: எனக்கு நாவடக்கம் தேவைதான். மறு பாதியை ஏற்க மாட்டேன்.

இம்மலரைப் படிக்கும் பெற்றோரே, எங்களுக்கு அடக்கத்தைக் கற்பியுங்கள். எங்கள் அண்ணன் தம்பியருக்கும் சேர்த்தே கற்பியுங்கள். கேள்வி கேட்கும் துணிவை மட்டும் எங்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி